நல்வரவுப் பக்கமும் பாப்பா ரூமும்

எங்கள் முதலாளி குமாரவேலுக்கு ஆங்கிலத்தில் வருகிற எந்தக் கடிதமும் ஆடிட் கடிதம்தான். முப்பது வருடமாக பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். வெள்ளைக்காரன் "ஒரு எட்டு வந்து பார்க்கிறேன்" என்று எழுதினால் போதும், மறுநாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்துவிடும். இந்தத் தடவை வந்தது ஆடிட் கடிதம் இல்லை. நெதர்லாந்தில் ஓர் அமைப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாய்மொழியிலேயே கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து பழகுவதற்கு நல்ல மென்பொருளாகத் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் 'சில்லு' அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. பிடித்துப்போனால் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற மூன்று நாட்டுப் பள்ளிகளில் கொண்டுபோய் வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் கேட்டிருந்தார்கள். சில்லுவைப் பயன்படுத்துகிற சமூகத்தை நீங்கள் எப்படி வரவேற்கிறீர்கள், வியாழக்கிழமை வீடியோ காலில் காட்ட முடியுமா?

சில்லு என்பது செல்போன் விளையாட்டுகளைச் செய்வதற்கான மென்பொருள். கட்டம் கட்டமான துண்டுகளை இழுத்து ஒட்டினால் பொம்மை நடக்கும், குதிக்கும், சாவி எடுக்கும். எல்லாம் தமிழில். அதை எழுதியவள் நான், ஜெயபாரதி. சேவூர்க்காரி. பெங்களூரில் எட்டு வருடம் எவனெவனுக்கோ உழைத்துக் கொட்டிவிட்டு, போதுமடா சாமி என்று ஊருக்கு வந்து நான்கு வருடம் தனியாக உட்கார்ந்து எழுதினேன். குமாரவேல் அதைத் தத்தெடுத்தது பெரிய கதையில்லை. ஏதோ கிளப் கூட்டத்தில் எவனோ "இனி எல்லாம் கேமிங்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த வாரமே தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில் பாதியை அட்டைப்பெட்டிகளுக்கும் பாதியை எனக்குமாகப் பிரித்து, "ஐடி டிவிஷன்" என்று பலகை மாட்டிவிட்டார். பலகையின் இரண்டு ஓரத்திலும் வேல் உண்டு.

கடிதம் வந்த அன்று என்னையும் சரவணக்குமாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், இந்தக் கம்யூனிட்டி கம்யூனிட்டிங்கறாங்களே, அது நம்மகிட்ட எத்தன பேரு இருக்கறாங்க?"

"நாப்பத்தியொரு பேருங்க சார்."

அந்த நாற்பத்தொரு பேரும் நிஜமானவர்கள். குண்டடத்தில் ஒரு கணக்கு வாத்தியார் தன் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வாய்ப்பாட்டு விளையாட்டு செய்துகொண்டிருந்தார். தாராபுரத்தில் ஒரு கல்லூரிப் பெண் அமராவதி ஆற்றில் மீன் பிடிக்கிற விளையாட்டு செய்து, மீன் ஏன் பின்பக்கமாக நீந்துகிறது என்று வாரம் ஒரு முறை என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைக் காட்டினாலே போதும் என்றுதான் நான் நினைத்தேன்.

"பத்தாதுங்களே" என்றார் குமாரவேல். சரவணக்குமார் பக்கம் திரும்பினார். "நம்ம தையல், செக்கிங், பேக்கிங் எல்லாஞ் சேத்தி எத்தன பேருங்க?"

"எறநூத்தி அறுவது வருமுங்க சார்."

"அப்புறமென்னங்க! ஆளு இருக்குது, ஆளுக்கொரு செல்லு இருக்குது. சேத்துங்க எல்லாத்தையும்."

சரவணக்குமாரை அறிமுகப்படுத்தியாக வேண்டும். பெயருக்கு மனிதவள மேலாளர். செய்வது ஆடிட் நாடகத்துக்கு இயக்கம். ஆடிட்டுக்கு முந்தின நாள் முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வரும், தீயணைக்கும் வாளிக்குள் மணல் வரும், எல்லோர் மூக்குக்கும் துணி வரும். "ஓவர்டைம் பாக்கறீங்களா" என்று கேட்டால் "இல்லீங்க, ஆறு மணிக்கு ஊட்டுக்குப் போயிருவோமுங்க" என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மனப்பாடப் பாட்டு சொல்லிக்கொடுப்பதுபோல அவரே வரிசையாக நின்று ஒப்பிக்க வைப்பார். அந்த நாளில்தான் கீழ்த்தளத்தில் இருக்கிற பாப்பா ரூமும் திறக்கும். "குழந்தைகள் காப்பகம்" என்று வாசலில் அழகாக எழுதியிருக்கும். சட்டப்படி தினமும் திறந்திருக்க வேண்டிய அறை. எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு இரண்டு நாள் திறக்கும். அன்றைக்கு மட்டும் நான்கைந்து பெண்களிடம் "கொழந்தைய கூட்டீட்டு வாங்க" என்று சொல்லி, பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து, ஆடிட்டர் போட்டோ எடுத்த பிறகு நான்கு மணிக்கு வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கிற சிவப்பு ஆட்டக்குதிரையின் மேல் சுற்றிய பாலிதீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

போன ஆடிட்டில் அந்தக் குதிரைமேல் உட்கார்ந்தவள் தேஜஸ்ரீ. நாலு வயது ஆகப்போகிறது. அம்மா செல்லத்தாய், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வருகிற பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ நூல் பிசகோ இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. புருஷன் இருந்தும் இல்லாத கணக்கு. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி இத்தனை நாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். அவளும் மாதக் கடைசியில் தாராபுரத்தில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விடப் போகிறாள். பிறகு பிள்ளையைக் கோவில்பட்டியில் இருக்கிற அக்காவிடம் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை. ஆக, பாப்பா ரூம் திறந்தால் பிள்ளை அவளோடு இருக்கும், திறக்காவிட்டால் பிள்ளை ஊருக்குப் போகும். சரவணக்குமாரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாள். "பாக்கலாமுங்க" என்று மூன்று தடவையும் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் "பாக்கலாமுங்க" என்றால் "மாட்டேன்" என்று அர்த்தம். தெற்கத்திக்காரி பாவம், அதை நம்பிக் காத்திருந்தாள்.

நான் நல்வரவுப் பக்கத்துக்கு வருகிறேன். சில்லுவைத் திறந்தவுடன் முதலில் தெரிகிற பக்கம். புதிதாக வருகிறவருக்கு வணக்கம் சொல்லி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காட்டி, கேள்வி கேட்க ஓர் இடம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரு நாள் வேலை. குமாரவேல் அதை மூன்று நாள் வேலையாக்கினார்.

"மேல பெருசா வேல் வெச்சிருங்க மேடம். கீழ கைகூப்புன பொண்ணு. ரெண்டு பக்கமும் வாழமரம். பூ மேலிருந்து கொட்டற மாதிரி வெக்க முடியுமுங்களா?"

"முடியுமுங்க சார். மேளம் வேணுங்களா?"

நான் குத்தலாகக் கேட்டது அவருக்குப் புரியவில்லை. "சவுண்டு வேண்டாமுங்க, ஆபீஸ்ல தொந்தரவா இருக்கும்" என்றார் சீரியஸாக. கல்யாண மண்டபத்து வாசலுக்கும் மென்பொருள் முகப்புக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனிடம் நான் என்ன பேசுவது? அடித்துப் பேரம் பேசி வாழைமரத்தையும் பூவையும் ஒழித்தேன். வேல் மட்டும் நகக்கண் அளவுக்கு நின்றது. அதற்குப் பதிலாக இரண்டு விஷயம் கறாராகக் கேட்டார். டிவி போட்டியில் ஓட்டுப் போடுகிற மாதிரி ஒவ்வொரு பதிவுக்கும் இதயக்குறி இருக்க வேண்டும், நிறைய இதயம் வாங்கியது தானாக முதலிடத்துக்கு வர வேண்டும். வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆகவே தொட்டவுடன் ஆங்கிலமாகிற பட்டன் ஒன்று வேண்டும். இரண்டையும் செய்து கொடுத்தேன்.

வரவேற்பு வாசகம் மட்டும் என் பொறுப்பு. புதன்கிழமை காலை டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டேன். "நல்வரவு. இது உங்கள் இடம். தயங்காமல் கேளுங்கள். இங்கே யார் கேட்டாலும் பதில் உண்டு." எழுதும்போதே எனக்குச் சிரிப்பு. யாருடைய இடம், யார் பதில் சொல்வது? எந்த வீட்டு வாசலிலும் இருக்கிற "வெல்கம்" மிதியடி மாதிரி இதுவும் ஒன்று, காலைத் துடைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதை ஒருத்தி உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்து நம்புவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் சரவணக்குமார் லைன் லைனாக ஆட்களைக் கேன்டீனில் நிற்கவைத்தார். கையில் சீட்டு. சீட்டில் பன்னிரண்டு வாக்கியம். "சில்லு மிகவும் அருமை." "சில்லு மூலம் என் வாழ்க்கை மாறியது." "என் குழந்தைகள் சில்லுவை விரும்புகிறார்கள்." ஆளுக்கொன்று. ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரர்களுக்கு இந்தியில் தனிச்சீட்டு. காஜா மெஷினில் உட்கார்ந்து பட்டன் ஓட்டை போடுகிற மயிலாள் அக்காவுக்கு "இதன் அனிமேஷன் வசதி என்னைக் கவர்ந்தது" என்ற வாக்கியம் கிடைத்தது. "இது என்ன சாமி, மருந்தா?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. ஒன்று பத்துக்குத் தொடங்கி ஒன்று ஐம்பதுக்குள் இருநூற்று அறுபது பேர் கொண்ட உலகளாவிய சமூகம் உருவாகிவிட்டது. எல்லோரும் எல்லோருக்கும் இதயக்குறி போட வேண்டும் என்பது கடைசி உத்தரவு. குண்டடத்து வாத்தியார் அன்றைக்கே எனக்கு எழுதினார், "மேடம், திடீர்னு எல்லாருக்கும் ஒரே நேரத்துல வாழ்க்கை மாறியிருக்குதே, மாரியம்மன் கோயில்ல ஏதாச்சும் விசேஷங்களா?" நான் பதில் போடவில்லை. என்னத்தைப் போடுவது, வெட்கக்கேடு.

இந்தக் கூத்தில் ஒருத்தி மட்டும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லத்தாய்.

"அக்கா, இந்தப் பதிவிடுங்கிறத ரெண்டாந்தடவ அமுக்குனா வேல செய்ய மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். நாற்பத்தொரு பேர் கண்ணிலும் என் கண்ணிலும் படாத பிசகு. அவள் கண்ணே அம்புக்குறி ஒட்டுகிற கண். நின்ற இடத்திலேயே சரிசெய்து கொடுத்தேன். அந்த இருநூற்று அறுபது பேரில் சில்லுவுக்கு உருப்படியாக ஏதாவது செய்தவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, இங்ஙன எழுதுனா அவங்க பாப்பாங்களா?"

"ஆரு?"

"மேல உள்ளவங்க. தயங்காம கேளுங்கன்னு போட்டுருக்கே."

எனக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலில், "பாப்பாங்க, பாப்பாங்க, எல்லாரும் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாயந்திரம் முகப்பைத் திறந்தால் முதலிடத்தில் அவள் எழுதியது நின்றது. "வணக்கம். பாப்பா ரூம் கதவு எப்போ திறக்கும்? என் மக உள்ள இருக்கிற குதிரைய கேட்டு தினமும் அழுறா. எனக்கு வேலைக்கு நேரம் ஆகுது. யாராவது பதில் சொல்லுங்க. செல்லத்தாய்." கீழே இருநூற்று நாற்பத்தேழு இதயம். "சில்லு மிகவும் அருமை" எல்லாம் நாற்பது ஐம்பதில் நொண்டிக்கொண்டிருந்தது. உத்தரவுப்படி இதயக்குறி போட்டுக்கொண்டே வந்தவர்கள் இந்த இடத்தில் மட்டும் படித்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். சரவணக்குமார் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, "சூப்பருங்க மேடம், கம்யூனிட்டி நல்லா ஆக்டிவா இருக்குதுங்க" என்றார்.

அதை எடுத்துவிட எனக்கு ஒரு சொடுக்கு நேரம் போதும். நான் எடுக்கவில்லை. செல்லத்தாய்க்காக என்று சொன்னால் அது பச்சைப்பொய். நெதர்லாந்துக்காரர்கள் முன்னால் குமாரவேலின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. அவளுக்கு வேலை போகுமே என்ற நினைப்பு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் வந்தது. வந்தும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை கால் தொடங்கியது. குமாரவேல் பின்னால் முருகன் படம், மேசையில் பூச்சாடி, பக்கத்தில் நான், ஓரத்தில் சரவணக்குமார். திரையில் நரைத்த முடியும் சிரித்த முகமுமாக அந்த நெதர்லாந்து அம்மா. முகப்பைத் திறந்தாள். முந்நூற்றொரு உறுப்பினர் என்ற எண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். முதல் பதிவைத் தொட்டாள். குமாரவேல் கேட்டு வாங்கிய பட்டன் தன் வேலையைச் செய்தது. ஆங்கிலத்தில் அவள் வாய்விட்டுப் படிக்கப் படிக்க சரவணக்குமாரின் கழுத்து வியர்த்தது.

"இது என்ன அறை?" என்று கேட்டாள்.

குமாரவேல் கண் சிமிட்டவில்லை. முப்பது வருடம் ஆடிட்டர்களைச் சமாளித்த கண். "அது எங்கள் உறுப்பினர் ஒருவர் செய்துகொண்டிருக்கிற விளையாட்டு" என்றார் ஆங்கிலத்தில். "பூட்டிய அறை. உள்ளே ஒரு குதிரை. வெளியே ஒரு தாயும் குழந்தையும். வேலைக்கு நேரமாகிறது. கதவைத் திறக்க வேண்டும். கதையைச் சொல்லி மற்றவர்களிடம் யோசனை கேட்கிறார்."

அடேங்கப்பா! நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், மறைத்த சோற்றையே விருந்தாகப் பரிமாறுகிற சாமர்த்தியத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். ஒரு தொழிலாளித் தாய் தன் வாழ்க்கையிலிருந்தே விளையாட்டு செய்கிறாள், நாங்கள் தேடுவதே இதைத்தான் என்றாள். திங்கட்கிழமை அந்த விளையாட்டை அனுப்புவீர்களா, ஆடிப் பார்க்க வேண்டும் என்றாள்.

"கண்டிப்பாக" என்றார் குமாரவேல்.

கால் முடிந்ததும் என்னைப் பார்த்துத் திரும்பினார். "மேடம், திங்கக்கெழமைக்குள்ள முடியுமுங்களா?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "சார், கேம் செய்ய எனக்கு மூணு நாள் ஆகுமுங்க. ரூம் தொறக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் போதுமுங்க. அதச் செய்யுங்க, இதே அம்மாகிட்ட நெசமாவே காட்டலாம்."

"அதெப்படிங்க மேடம்? ஒருநாள் தொறந்தா தெனமும் தொறக்கோணுமுங்க. இன்னிக்கு ஒருத்தி உட்டா நாளைக்கு அம்பது பேரு உடுவாங்க. ஆயா போடோணும், பாலு காச்சோணும். ஒண்ணு கீழ உழுந்து மண்டைய ஒடச்சுதுன்னா ஆரு பதில் சொல்றது? நாம பனியன் கம்பெனி வெச்சிருக்கறமா, பால்வாடி வெச்சிருக்கறமா, நீங்களே சொல்லுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. கழுத்தை நெரிக்கிறபோதும் எங்கள் ஆட்கள் "வலிக்குதுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் நெரிப்பார்கள். சரவணக்குமார், "அந்தப் பொண்ணப் பேசாம நிறுத்தீரலாமுங்க சார்" என்று ஆரம்பித்தார். குமாரவேல் கையைக் காட்டி நிறுத்தினார். "அட, வேண்டாமுங்க. அது இப்ப நம்ம கேம் டெவலப்பருங்க. வெள்ளைக்காரம்மா தேடும்."

ஆக செல்லத்தாயின் வேலை தப்பியது. நான் ராஜினாமாக் கடிதம் எழுதி மேசையில் வீசியிருக்கலாம். கதையில் வருகிற கதாநாயகி என்றால் வீசியிருப்பாள். எனக்கு மூன்று நாட்டுப் பள்ளிக்கூடங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நான்கு வருட உழைப்பு. எவனோ ஒரு வெளிநாட்டுச் சிறுவன் என் துண்டுகளை இழுத்து ஒட்டுவான் என்று நினைத்தாலே வயிறு குளிர்ந்தது. ஆசை வெட்கமறியாது. மாடி ஏறிப் போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

விளையாட்டுக்கு "பாப்பா ரூம்" என்றே பெயர் வைத்தேன். அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். சங்கு ஊதுவதற்குள் கதவைத் திறக்க வேண்டும். முதலில் நான் செய்த விளையாட்டில் கதவு திறக்காது. என்ன செய்தாலும் திறக்காது. சங்கு ஊதும், பிள்ளை வாசலில் நிற்கும், அவ்வளவுதான். என் வீரம் அந்த அளவுக்குத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குமாரவேல் கம்பெனிக்கு வந்து கட்டை விரலால் ஆடிப் பார்த்தார். எட்டு தடவை தோற்றார்.

"என்னுங்க மேடம், தொறக்கவே மாட்டேங்குது? அபசகுனமா இருக்குதுங்களே. ஒரு பட்டன் வெச்சு உடுங்க. அமுத்துனா டப்புன்னு தொறக்கோணும். கொழந்த சிரிக்கோணும்."

கதவில் ஒரு பச்சைப் பட்டனை வைத்தேன். அமுக்கினால் திறக்கும், உள்ளே சிவப்புக் குதிரை ஆடும், பிள்ளை ஏறி உட்காரும். அவர் அமுக்கினார். திறந்தது. சின்னப் பையன் மாதிரி மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தார். "இதானுங்க! எவ்வளவு நல்லா இருக்குது பாருங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கலங்கியிருந்தது. கீழே மூன்று மாடி இறங்கினால் அதே கதவு, அதே குதிரை. அதற்குக் கலங்காத கண் என் பொம்மைக்குக் கலங்கியது.

நெதர்லாந்துக்காரர்கள் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாரமே கேன்டீனில் விழா. செல்லத்தாய்க்கு "சிறந்த சமூக உறுப்பினர்" என்று பொன்னாடை, ஒரு ஹாட்பாக்ஸ், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். மைக்கைக் கையில் கொடுத்து "ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார்கள். பொன்னாடையோடு நின்றுகொண்டு அவள் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அந்த விளையாட்ட செய்யல. ஜெயபாரதி அக்காதான் செஞ்சாங்க. நான் ஒரு கேள்விதான் கேட்டேன். சார், பாப்பா ரூம எப்ப தொறப்பீங்க?"

குமாரவேல் வாய்விட்டுச் சிரித்துக் கைதட்டினார். "பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்! கேம்லதான் தொறந்தாச்சேம்மா!" முன்வரிசை கைதட்டியது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். ஆடிட்டுக்குப் பழகிய கைகள், முன்வரிசை என்ன செய்கிறதோ அதைச் செய்யும். மயிலாள் அக்கா மட்டும் தட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தட்டினேன். மேடையில் இருந்தேன், தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

மாதக் கடைசி சனிக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டு அம்மா காலையிலேயே தாராபுரம் பஸ் ஏறிவிட்டாள். கோவில்பட்டியிலிருந்து அக்கா பிள்ளையைக் கூட்டிப்போக மத்தியானம் வந்து சேர்வாள். அதுவரை பிள்ளையை எங்கே வைப்பது? செல்லத்தாய் தேஜஸ்ரீயைத் துப்பட்டாவுக்குள் மறைக்காத குறையாகப் பின்படி வழியே மூன்றாவது மாடிக்குத் தூக்கிவந்தாள்.

"அக்கா, மூணு மணி வரைக்கும் பாத்துக்கோங்க. எங்க அக்கா வந்துரும். பெறவு தொந்தரவு இருக்காது."

"பெறவு" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. பிள்ளை பார்த்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பிள்ளையின் துணிப்பை என் நாற்காலி ஓரத்தில் இருந்தது. இரண்டு கவுன், ஒரு பால் டம்ளர், ஒரு சீப்பு.

பிள்ளைக்கு நான் என்ன கொடுப்பேன்? என்னிடம் இருந்தது டேப்லெட்தான். கொடுத்தேன். சில்லு முகப்பு திறந்தது. முதலிடத்தில் "பாப்பா ரூம்". எழுத்துத் தெரியாத பிள்ளை படத்தைத் தொட்டது. அம்மாவும் பிள்ளையும் ஓடினார்கள். பச்சைப் பட்டனைப் பிஞ்சு விரலால் அமுக்கினாள். கதவு திறந்தது. சிவப்புக் குதிரை ஆடியது.

"குதிர!" என்று கத்தினாள். "அத்தே, தொறந்துட்டாங்க! தொறந்துட்டாங்க!"

நான் திரும்புவதற்குள் நாற்காலியிலிருந்து நழுவி இறங்கி ஓடிவிட்டாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் புகுந்து, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி திடுதிடுவென்று இறங்கினாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். கீழ்த்தளத்தில் திரும்ப வேண்டிய மூலை அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு நாள் வந்த இடம், ஐந்து மாதம் ஆகியும் வழி மறக்கவில்லை.

பாப்பா ரூம் வாசலில் நின்றாள். கதவில் பெரிய பூட்டு. அவள் பூட்டைப் பார்க்கவில்லை. பட்டனைத் தேடினாள். இரண்டு கையாலும் கதவைத் தடவினாள், எட்டுகிற உயரம் வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. நுனிக்காலில் நின்று "குழந்தைகள் காப்பகம்" என்ற எழுத்தை அமுக்கிப் பார்த்தாள்.

சரவணக்குமார் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். "மேடம், கொழந்த எப்படிங்க உள்ள வந்துச்சு?"

"சாவியக் குடுங்க."

"ஆடிட் தை மாசந்தானுங்களே மேடம்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்.

"சாவியக் குடுங்கன்னேன்!"

"சாருகிட்ட ஒரு வார்த்த கேக்கோணுமுங்க. சார் கோயமுத்தூர் போயிருக்கறாருங்க. பாக்கலாமுங்க."

தேஜஸ்ரீ கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் வந்தாள். அழவில்லை. செக்கிங் மேசையில் நின்று பிசகைக் கண்டுபிடிக்கிற அம்மாவின் அதே முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தே, அதுல மட்டும் பட்டன் வச்சிருக்கீங்கள்ல? இதுல ஏன் வைக்கல?"